நாலு பக்கமும் அளந்தாயிற்று, நிலம் எவ்வளவு?

சென்ற ஆண்டு ஆடி மாதம். வகுப்பை முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர் மேசையருகே தயங்கி நின்றார். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் மதுரைக்கு வந்து படிப்பவர். கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

“சார், இது பிசிக்ஸ் சந்தேகம் இல்லே. எங்க அப்பா ஒரு புஞ்சை வாங்கப் போறாரு. கணக்குச் சரிதானான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்.”

தாளைப் பிரித்தேன். கோணல்மாணலாக ஒரு நாற்கரம். அதைச் சுற்றி வரிசையாக நான்கு அளவுகள்: 130 அடி, 150 அடி, 105 அடி, 175 அடி. (உண்மை அளவுகளைச் சற்று மாற்றி முழு எண்களாகத் தந்திருக்கிறேன். நீங்களும் கூடவே கணக்குப் போட வசதியாக இருக்கட்டும் என்றுதான்.) கீழே தரகர் சொன்ன கணக்கு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்; கிடைத்த இரண்டையும் பெருக்க வேண்டும். 130, 105 இவற்றின் பாதிக் கூட்டு 117.5. 150, 175 இவற்றின் பாதிக் கூட்டு 162.5. பெருக்கினால் 19,093.75 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. வகுத்தால் 43.83 சென்ட்.

“குறுக்கே அளந்தீங்களா தம்பி?”

“இல்லே சார். நாலு பக்கமும் அளந்தாச்சே, அப்புறம் எதுக்குக் குறுக்கே?”

நல்ல கேள்வி. இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். மேலே படிக்குமுன் நீங்களும் ஓர் ஊகம் செய்யுங்கள். நான்கு பக்கங்களின் நீளமும் தெரிந்துவிட்டால் பரப்பளவு தெரிந்துவிடுமா? விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றக் கூடாது.

இனி உங்கள் கணக்குப் பாடநூலைப் புரட்டுங்கள். பல பாடங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் ஒரு பகுதியும், அதனருகே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட ஒரு சதுரமும் காணப்படும். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இந்தச் சதுரங்களும் உடன் வந்தன. செல்பேசியின் கண்ணை அதன்மேல் காட்டினால் காணொலியோ, அசையும் வரைபடமோ திரையில் விரிகிறது.

அந்தச் சதுரமே ஒரு கணக்குதான். 1994 இல் ஜப்பான் நாட்டு டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் தம் குழுவினருடன் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை எண்ணிக் கணக்கு வைக்க இதை உருவாக்கினார். மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக ஓர் உருவம் இருக்கிறதல்லவா? அதன் மையத்தின் வழியே எந்தச் சாய்வில் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வெட்டும். கோடு சாயச் சாய ஒவ்வொரு துண்டும் நீளும். ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே மடங்கு நீளும். ஆகவே விகிதம் மாறாது. வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் நிறுவலாம். புத்தகத்தை நீங்கள் தலைகீழாகப் பிடித்தாலும் செல்பேசி குழம்பாமல் இருப்பது இதனால்தான். சதுரத்தின் ஒரு பகுதியில் மை கொட்டினாலும் படித்துவிடுகிறதே, அது 1960 இல் ரீட், சாலமன் என்ற இருவர் கண்ட பிழை திருத்தும் முறையின் பயன். இச்சதுரங்களில் மிக உறுதியான வகை, ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடும்.

சரி, வயலுக்கு வருவோம்.

பாடநூலின் சதுரங்களில் பல நம்மை ‘ஜியோஜீப்ரா’ என்ற வரைபடக் கருவிக்கு அழைத்துச் செல்கின்றன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் மாணவராக இருந்தபோது 2001 இல் தொடங்கிய பணி அது. மாணவர்களும் ஆசிரியர்களும் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதில் வரையும் படத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால், அதைச் சார்ந்த கோடுகளும் வட்டங்களும் கூடவே நகரும். நீளம், கோணம், பரப்பு எல்லாம் அந்தந்தக் கணமே மாறிக் காட்டும். காகிதத்தில் போட்ட படம் ஒரே ஒரு நாற்கரம். திரையில் போட்ட படம் ஆயிரம் நாற்கரங்கள். கணக்குக் காணொலிகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பிறர் போடும் கணக்கைப் பார்ப்பது நீச்சல் போட்டியைக் கரையிலிருந்து பார்ப்பது போன்றது. புள்ளியை நீங்கள் இழுக்கும்போதுதான் தண்ணீரில் இறங்குகிறீர்கள்.

அந்தப் புஞ்சையைத் திரையில் கட்டுவோம். 10 அடிக்கு 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அ, ஈ என்ற இரு புள்ளிகளை 17.5 அலகு இடைவெளியில் நிறுத்துங்கள். அ வை மையமாகக் கொண்டு 13 அலகு ஆரத்தில் ஒரு வட்டம். அதன்மேல் ஆ என்ற புள்ளி, வட்டத்தின் மீது மட்டும் வழுக்கும்படி. இப்போது ஆ வை மையமாக்கி 15 அலகில் ஒரு வட்டம்; ஈ யை மையமாக்கி 10.5 அலகில் மற்றொரு வட்டம். இவ்விரண்டும் வெட்டுமிடங்களில் வெளிப்புறம் இருப்பது இ. அ, ஆ, இ, ஈ நான்கையும் இணைத்தால் 13, 15, 10.5, 17.5 பக்கங்களுள்ள வயல் கிடைத்துவிட்டது. அதன் பரப்பையும், அ விலிருந்து இ வரை உள்ள மூலைவிட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். இனி ஆ வைப் பிடித்து மெல்ல இழுங்கள்.

வயல் நெளிகிறது! பக்கங்கள் ஒன்றும் மாறவில்லை. அவற்றை வட்டங்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஆனாலும் பரப்பு ஏறுகிறது, இறங்குகிறது. திரையில் நான் கண்ட சில எண்களை அடிக் கணக்கில் தருகிறேன். மூலைவிட்டம் 140 அடியாக இருக்கும்போது பரப்பு 15,750 சதுர அடி, அதாவது 36.16 சென்ட். 200 அடியானால் 18,927 சதுர அடி, 43.45 சென்ட். 260 அடியில் 13,241 சதுர அடிக்கு விழுந்துவிடுகிறது, 30.40 சென்ட். 270 அடியில் 9,827 சதுர அடி; 22.56 சென்ட்தான். 280 அடியை நெருங்கும்போது நான்கு பக்கங்களும் ஒரே கோட்டில் படுத்துக்கொள்கின்றன. நிலமே இல்லை! 130 உம் 150 உம் சேர்ந்தால் 280, 105 உம் 175 உம் சேர்ந்தாலும் 280 என்பதைக் கவனித்தவர்கள் இதை முன்பே ஊகித்திருப்பீர்கள்.

எதிர்ப்பக்கமாக இழுத்தாலோ இன்னொரு வேடிக்கை. ஒரு கட்டத்தில் ஆ, இ, ஈ மூன்றும் நேர்கோட்டில் வந்து வயல் முக்கோணமாகிவிடும். பரப்பு 10,500 சதுர அடி. அதற்குமேல் ஆ வை அசைத்தால் இ திரையிலிருந்து மறைந்தே போகும். செல்பேசி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆ வுக்கும் ஈ க்கும் இடையே 25.5 அலகுக்கு மேல் தூரம் வந்தால், 15 உம் 10.5 உம் ஆரமுள்ள வட்டங்கள் ஒன்றையொன்று எட்டுவதில்லை, அவ்வளவே.

நீங்கள் துண்டுத் தாளில் ‘தெரிந்துவிடும்’ என்று எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. என் கல்லூரி வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதினார்கள்.

வீட்டில் ஒரே செல்பேசி, அதுவும் அப்பாவோடு காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறது என்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே சொல்கிறேன்: இதற்குச் செல்பேசி கட்டாயமில்லை. தென்னை ஈர்க்குக் குச்சிகளை 13, 15, 10.5, 17.5 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக்கி மூலைகளில் செருகிப் பூட்டுங்கள். தீக்குச்சியையும் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் இந்த வழியை நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. அவருடைய இணையதளத்தில் இத்தகைய நூற்றுக்கணக்கான செய்முறைகளும் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் குச்சி நாற்கரத்தை வரைபடத் தாளின்மேல் வைத்து, உள்ளே அகப்படும் கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். நெளித்து நெளித்து எண்ணுங்கள். திரை ஒரு நொடியில் காட்டுவதை நீங்கள் ஒரு மணி நேரத்தில் காண்பீர்கள். ஆனால் விரல்களுக்கும் ஒரு செய்தி கிடைக்கும்: அ வையும் இ யையும் 14 சென்டிமீட்டர் ஈர்க்கால் குறுக்கே பூட்டிப் பாருங்கள். சட்டம் விறைத்துவிடும்! முக்கோணம் நெளியாது, நாற்கரம் நெளியும். சாரம் கட்டுகிறவர்கள் குறுக்குக் கழி கட்டுவதும், பழைய மரக்கதவுகளின் பின்னால் சாய்வாக ஒரு சட்டம் ஓடுவதும், சைக்கிளின் உடல் முக்கோணங்களால் ஆனதும் இதனால்தான். (இயற்பியல்காரன் சந்தடி சாக்கில் நுழைந்துவிட்டான் என்கிறீர்களா? உண்மைதான்.)

ஆக, மாணவருக்கு என் விடை இதுதான்: குறுக்கே ஓர் அளவு வேண்டும். அது கிடைத்தால் வயல் இரண்டு முக்கோணங்களாகிவிடும். மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைக் காண ஒன்பதாம் வகுப்பு அளவியல் பாடத்தில் ஹெரான் சூத்திரம் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தரகரின் விதி சில சமயம் அதிகமாகவும் சில சமயம் குறைவாகவும் காட்டினால், நூறு நிலங்களில் சரிக்குச் சரியாகிவிடும் என்றாவது சமாதானம் சொல்லலாம். அப்படியா? திரையில் எவ்வளவு இழுத்தாலும் பரப்பு 19,093.75 ஐத் தொடவே இல்லை. வேறு நீளங்களை வைத்துப் பார்த்தாலும் விதி காட்டும் எண்ணை வயல் தாண்டவில்லை. தற்செயலா?

இங்கே ஓர் எச்சரிக்கை. திரை காட்டுவதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வட்டத்தின்மேல் 2 புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4 பகுதிகள். 4 புள்ளிகளுக்கு 8. 5 புள்ளிகளுக்கு 16. அடுத்தது என்ன? 32 என்று சத்தியம் செய்வீர்கள். 6 புள்ளிகளை, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி, குறித்து எண்ணிப் பாருங்கள். 31 தான் வரும். நான்கு முறை சரியாக வந்தது ஐந்தாம் முறை கைவிட்டுவிட்டது. நானூறு முறை வந்தாலும் நிலைமை இதுவே. நிறுவல் வேண்டும்.

நம் விதிக்கு நிறுவல் இருக்கிறது. அதுவும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு எட்டக்கூடியது. ஒரு முக்கோணத்தில் க, ச என்ற இரு பக்கங்களை எடுத்துக்கொள்வோம். க வை அடிப்பக்கமாக வைத்தால், உயரம் என்பது செங்குத்தாக இறங்கும் கோடு. அது சாய்ந்து நிற்கும் ச வைவிட நீளமாக இருக்க முடியாது. ஆகவே முக்கோணத்தின் பரப்பு, க × ச வின் பாதியைத் தாண்டாது. இரு பக்கங்களும் செங்கோணத்தில் நின்றால் மட்டும் சமம்.

இப்போது வயலின் பக்கங்களை வரிசையாக க, ச, த, ப என்க. மூலைகள் உள்நோக்கி மடங்காத வயல் என்று கொள்வோம். ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் க, ச உள்ள முக்கோணமும் த, ப உள்ள முக்கோணமும் கிடைக்கும். எனவே வயலின் பரப்பு, (கச + தப) வின் பாதிக்கு மிகாது. மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால் அதே வயல், (சத + பக) வின் பாதிக்கு மிகாது. இரண்டையும் கூட்டுங்கள். பரப்பின் இரு மடங்கு, (கச + தப + சத + பக) வின் பாதிக்கு மிகாது. அடைப்புக்குள் இருப்பதைக் காரணிப்படுத்தினால் (க + த)(ச + ப). ஆகவே பரப்பு, (க + த)(ச + ப) யின் கால்பங்குக்கு மிகாது. உற்றுப் பாருங்கள், எதிர்ப்பக்கங்களின் பாதிக் கூட்டுகளைப் பெருக்கினால் கிடைப்பது அந்தக் கால்பங்கேதான்!

ஆகவே இந்த விதி ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நான்கு மூலையும் செங்கோணமாக உள்ள செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும். மற்ற எல்லா வயலுக்கும் கூட்டியே காட்டும். நூறு நிலம் வாங்கினாலும் நூறு முறையும் நட்டம் வாங்குபவருக்கே. சரிக்குச் சரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த விதி நம்மூர்த் தரகர் கண்டுபிடித்தது அன்று. எகிப்தில் நைல் நதிக்கரையில் எட்ஃபு என்ற ஊரில் உள்ள ஹோரஸ் கோயிலின் சுவர்களில், கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட அந்தக் கணக்குகளில் இதே விதிதான். மூன்று பக்க நிலத்துக்கு நான்காவது பக்கத்தைச் சுழியாக வைத்துக்கொண்டு அதே விதியைப் போட்டிருக்கிறார்கள்! நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628 இல் எழுதிய நூலிலும் இது உண்டு. ஆனால் அவர் இதைத் தோராயமான பரப்பு என்றே குறித்துவிட்டு, நுட்பமான பரப்புக்கு வேறொரு சூத்திரம் தந்தார். நான்கு பக்கங்களின் கூட்டில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, கிடைத்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். நம் வயலுக்குப் பாதிக் கூட்டு 280. கழித்தால் 150, 130, 175, 105. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 18,929 சதுர அடி.

இந்த எண் எங்கிருந்து வந்தது? திரைக்குத் திரும்பி, பரப்பு உச்சத்தைத் தொடும் இடத்தில் ஆ வை நிறுத்துங்கள். அ, ஆ, இ என்ற மூன்று புள்ளிகள் வழியே ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அது ஈ யின் வழியாகவும் போகும்! நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும்போதுதான் பரப்பு மிகப் பெரிது. பிரம்மகுப்தரின் சூத்திரம் அந்த ஒரு நிலைக்கு உரியது. இதன் நிறுவலுக்குச் சற்றே முக்கோணவியல் வேண்டும். பதினொன்றாம் வகுப்பினர் முயலலாம். ஒன்று கவனியுங்கள். உச்சமே 18,929 சதுர அடி, அதாவது 43.46 சென்ட். தரகர் சொன்னதோ 43.83. அந்த நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டு உலகில் எந்த மூலையிலும் அப்படியொரு நிலம் இருக்கவே முடியாது.

1150 இல் ‘லீலாவதி’ எழுதிய பாஸ்கரர் இந்த விஷயத்தில் பொறுமையை இழந்துவிடுகிறார். மூலைவிட்டமோ செங்குத்துக் கோடோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரைப் பிசாசு என்கிறார். அதற்கு விடை சொல்ல முனைபவரை அதைவிட மோசம் என்கிறார். என் மாணவரின் தாளை அவரிடம் காட்டாமல் விட்டது நல்லதாயிற்று.

நில அளவைத் துறையினர் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. அவர்களிடம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. எஃப்.எம்.பி. என்றே ஊரில் சொல்வார்கள். அதைப் பார்த்தால் புலத்தின் ஊடே குறுக்குக் கோடுகள் ஓடுவதும், அவற்றிலிருந்து செங்குத்தாக மூலைகளுக்கு அளந்த தூரங்கள் குறித்திருப்பதும் தெரியும். முழு நிலமும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் உடைக்கப்பட்டிருக்கும். சென்ட்டும் அளவைச் சங்கிலியிலிருந்து வந்ததுதான். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். 66 ஐ 66 ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்துப் பாருங்கள், 435.6 எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

தமிழ்நாடு அரசின் மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் இவற்றைக் கொடுத்தால் பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் பார்க்கலாம். கணக்கு படிக்க இணையத்தில் எங்கே போவது என்று என்னைக் கேட்கும் மாணவர்களுக்கு முதலில் நான் இதைத்தான் சொல்கிறேன். சிரிப்பார்கள். ஆனால் உங்கள் தாத்தாவின் வயலுடைய புலப்படத்தை எடுத்து, அதிலுள்ள நீளங்களைக் கொண்டு நீங்களே பரப்பைக் கண்டு, பட்டாவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளங்கள் மீட்டரில் இருக்கும். 10,000 சதுர மீட்டர் ஒரு ஹெக்டேர். எந்தப் பயிற்சி நூலிலும் இவ்வளவு நல்ல கணக்கு கிடையாது.

புதிர்களாக வேண்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்திவரும் ‘என்ரிச்’ என்ற இணையதளம் இருக்கிறது. வகுப்புவாரியாகக் கணக்குகள், விடையைவிட வழியைக் கேட்பார்கள். ஆங்கிலத்தில்தான் உள்ளது, ஆனால் ஒரு கணக்குக்கு நாலைந்து வரிகளே என்பதால் அகராதியோடு உட்காரலாம். பெங்களூரிலிருந்து 2012 முதல் வெளிவரும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ என்ற கணித இதழையும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். பாடத்தையே தமிழில் மீண்டும் கேட்க விரும்பினால் பள்ளிக்கல்வித் துறையின் ‘மணற்கேணி’ செயலி. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கணக்கு போதும்.

அந்த மாணவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடும் நிலத்துக்காரரோடும் போய்க் குறுக்கே நாடாவைப் பிடித்தார். 140 அடி. திங்கட்கிழமை காலையில் என் முன்னால் அவரே கணக்கைப் போட்டார். 130, 150, 140 உள்ள முக்கோணம் 8,400 சதுர அடி. 105, 140, 175 உள்ளது செங்கோண முக்கோணம்; 7,350. மொத்தம் 15,750 சதுர அடி, 36.16 சென்ட். தரகர் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் ஏழரைச் சென்ட்டுக்கும் மேல். சென்ட் ஐம்பதாயிரம் ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 3,84,000 ரூபாய். அவர் அப்பாவின் இரண்டு ஆண்டு வருமானத்துக்குக் குறையாது என்றார்.

“நாடா தொய்ஞ்சிருந்தா, சார்? ஒரு அடி கூடக் கொறைய வந்திருந்தா?”

இதைக் கேட்டதும் எனக்கு மெத்த மகிழ்ச்சி. 140 க்குப் பதில் 141 வைத்துக் கணக்கிடச் சொன்னேன். பரப்பு 93 சதுர அடிதான் கூடியது. கால் சென்ட்டுக்கும் குறைவு. அளவில் பிழை இருக்கலாம். அந்தப் பிழை விடையை எவ்வளவு அசைக்கும் என்று தெரிந்தால் போதும்.

தரகர் யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் அப்படித்தான் கணக்குப் போட்டாராம். மாணவர் ஈர்க்கு நாற்கரத்தை அவர் கையில் கொடுத்து நெளிக்கச் சொல்லியிருக்கிறார். வெகுநேரம் நெளித்துப் பார்த்துவிட்டு, “அப்ப இத்தனை வருசமா...” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டாராம். பத்திரம் 36 சென்ட்டுக்கு எழுதப்பட்டது.

போன மாதம் அதே தரகர் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டனுப்பினார்; இப்போது உங்களிடம் அனுப்புகிறேன். வேறொரு நிலத்துக்கு ஐந்து மூலை. ஐந்து பக்கமும் அளந்தாயிற்று. குறுக்கே எத்தனை அளவு எடுக்க வேண்டும்? ஏழு மூலையானால்? ஈர்க்குக் குச்சிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.